வானொலி ஊமையான வாரம்

ஏப்ரல் 22

மானியம் நின்றதிலிருந்து எங்கள் வானொலி நிலையத்தில் டீசலுக்குத் திண்டாட்டம். பனி உருகிச் சரக்குப் படகு வர ஜூலை ஆகும். இன்று காலை நிலையக் குழு கூடி, இனி மதியம் மட்டும்தான் ஒலிபரப்பு என்று முடிவெடுத்துவிட்டது. வேட்டை முகாம்களுக்கு நான் ஊர்ச் செய்தி சொல்லும் மாலை நேரம் இன்றே போயிற்று.

"ஒரு வார்த்தை அறிவிச்சுட்டு நிறுத்தக்கூடாதா, சித்தப்பா?"

"மதியம் சொல்லு ரோவீனா, கேட்டுக்குவாங்க" என்றார் குழுத் தலைவர் டெல்பர்ட் சித்தப்பா.

மதியம் எவன் முகாமில் இருப்பான்? கரிபூ மான்களின் பின்னால் அல்லவா அலைவான்!

ஏப்ரல் 23

தூங்கவே இல்லை. அண்ணன் எல்மர் முகாமில் தனியாக இருக்கிறான். பேட்டரியை மிச்சம் பிடிக்க மாலையில் மட்டுமே ரேடியோவைப் போடுவான்.

நிலையம் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், ஒருத்தி தன் கணவன் இறந்ததை முகாமில் ரேடியோ வழியாகத்தான் கேட்டாள். அன்று முதல் ஊரில் சாவு என்றால் மாலை ஒலிபரப்பு கிடையாது. ரேடியோ ஊமையானால் முகாமில் இருப்பவன் மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பிவிடுவான்.

எல்மர் கிளம்பும்போது அம்மா நெஞ்சுவலியோடு படுத்திருந்தாள். யார் போனதாக நினைப்பான்? ஆறுதான் குறுக்கு வழி. ஆற்றுப் பனி விரிசல் விட்டுக் கிடக்கிறது. ஐயோ, என்ன செய்வேன்?

ஏப்ரல் 24

மூடுபனி. தேடப் போக ஆளில்லை. வீட்டைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெயை மாலையில் இழுத்துப்போய் நிலையத்து ஜெனரேட்டரில் ஊற்றினேன்.

"பைத்தியமா உனக்கு? வீட்டுல குளிருக்கு என்ன பண்ணுவ?" என்றார் சித்தப்பா.

"அவனே போயிட்டா வீடு எதுக்கு எனக்கு?"

அவர் இயந்திரத்தை முடுக்கிவிட்டார்.

"எல்மர், அம்மா உசுரோட இருக்கா. ஆத்துப் பக்கம் வராத." எண்ணெய் தீரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டானா?

ஏப்ரல் 25

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 26

மற்ற முகாம்காரர்கள் "யாரு போனது?" என்று அழுதுகொண்டே வந்து சேர்ந்தார்கள். எல்மரின் குடிசை காலியாகக் கிடக்கிறதாம். எழுத வரவில்லை—

ஏப்ரல் 28

வந்துவிட்டான்.

சறுக்குவண்டி நிறையப் பலகை. மரமே இல்லாத ஊர் இது. அம்மாவின் சவப்பெட்டிக்காகத் தன் குடிசையின் தரையைப் பெயர்த்து எடுத்து வந்திருக்கிறான். அவ்வளவு பாரத்தோடு ஆற்றில் இறங்கப் பயந்து மலையைச் சுற்றி வந்தானாம். நான் கத்தியது எதையும் அவன் கேட்கவில்லை.

அம்மா பலகைகளைப் பார்த்தாள். "ஏண்டா, சூப்பையே இன்னும் குடிச்சு முடிக்கல. அதுக்குள்ள அளவெடுத்துட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான்.

வீடு விறைத்துக் கிடந்தது. இரண்டு பலகையை உடைத்து அடுப்பில் போடச் சொன்னாள் அம்மா.