சுவருக்குக் கட்டிய மஃப்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஒரு மாதமாக எனக்கிருந்த தலைவலி போய்விட்டது. நீ பயந்ததுபோல் கண்ணில் கோளாறு இல்லை.

இந்தக் குளிர் நாட்டில் சூடு வெளியே போகாதபடி வீட்டை இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிடுகிறார்கள். நல்ல காற்று வர அறைக்கு ஒரு துவாரம்தான். அதை அமைப்பதுதான் என் வேலை. ஆனால் தலையில் குளிர்காற்று பட்டால் சளி பிடிக்கும் என்பாயே, அந்த நினைப்பில் என் அறைத் துவாரத்தில், நீ கொடுத்தனுப்பிய உன் மஃப்ளரைத் திணித்திருந்தேன். என்னைப் பார்க்க வந்த மேஸ்திரி அதை உருவினார்.

"ஊரார் வீட்டுக்கெல்லாம் காத்து வர வழி பண்ற. உன் வீட்டுச் சுவத்துக்கு மட்டும் சளி பிடிச்சிருச்சாப்பா?"

இரண்டு நாளில் தலை தெளிந்தது. மஃப்ளரில் இப்போது தூசி வாசனைதான் வருகிறது. நீ கட்டிக்கொள்கிற பழையதை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது.

உன் மகன்