உயர்த்தி வைத்த ஃபுட்ரெஸ்ட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமே போடாதே என்றவனுக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவின் பட்டறையைக் காலி செய்தபோது, தார்ப்பாய்க்கு அடியில் பழைய மினிபைக் ஒன்று கிடந்தது. எந்தக் கம்பெனி என்று துருவைச் சுரண்டிப் பார்த்தேன். பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. எஞ்சின் தண்ணீர் பம்பினுடையது. இடது ஃபுட்ரெஸ்டை மட்டும் உயர்த்தி வெல்டிங் வைத்திருந்தது, உன் குட்டையான காலுக்கு எட்டும்படி.

"உனக்கெதுக்குடா வண்டி" என்று உன்னை விரட்டிய அப்பாவிடமே இது என்னவென்று கேட்டேன்.

"முடிச்சிட்டுக் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தொரை கிளம்பிட்டாரு."

எழுந்து உட்கார முடியாதவர், படுத்தபடியே என்னை வேலை வாங்கினார். "கார்புரேட்டரைக் கழுவச் சொன்னா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பாத்துட்டு நிக்கிறா பட்டதாரி."

நேற்று ஸ்டார்ட் ஆகிவிட்டது. என்னை ஓட்ட விடவில்லை.

வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்கிறார் டாக்டர். வா அண்ணா. அவருடைய ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை ஓட்டிக் காட்டு.

உன் தங்கை