கிணற்றில் இருப்பது விரால் இல்லை

மே 9, சனி

காலையிலேயே அனல். ஷிஃப்ட் இல்லை. கிணற்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே.

நைனா வலை போட்டு ஒரு மீனை எடுத்துக் காட்டினார். கோடையில் வயல் வாய்க்கால் வற்றும்போது சேற்றில் தவிக்கும் மீன்களைப் பொறுக்கிக் கிணற்றில் விடுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். இவர் மூன்று வருடமாகத் தீனி போட்டு வளர்க்கிறார். பிரசவத்துக்கு வந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு குழந்தையைப் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். எங்கள் கிணற்று விரால்தான் விருந்து என்று நைனா போனிலேயே பெருமையடித்துவிட்டார்.

மீன் ஒரு சாண். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. எனக்கு உறுத்தியது.

மே 11, திங்கள்

கம்பெனியில் நாள் முழுக்க போல்ட் சோதனை. ஒரே மாதிரி இருப்பதில் தப்பானதைப் பொறுக்கிப் பொறுக்கிக் கண் பழகிவிட்டது. திரும்பும்போது புதுவாயல் மீன் கடையில் விராலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைக்கார அக்கா: "வாங்குவியா, இல்ல பொண்ணு பாக்க வந்தியா?"

வாங்கிவிட்டேன்.

விரால் - பொடிச் செதில், நீளத் தலை. ஏரி, ஆழமான குளம்.
நம்முடையது - பெரிய செதில், மொண்ணைத் தலை, புள்ளி. சேறு, வாய்க்கால்.

குறவை. சந்தேகமே இல்லை. இனி எவ்வளவு தீனி போட்டாலும் பெரிதாக வளராது.

கிணற்றிலிருந்தும் ஒன்றைப் பிடித்து, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டினேன். நைனா இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப இத்தினி நாளா குறவைக்கா கோழிக்குடல் போட்டுக்கினு இருந்தேன்?"

சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மே 13, புதன்

புழுக்கம். வீடே பேஜார். சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று நைனா அம்மாவிடம் புலம்பினாராம். நீ ஞாயிறு வரை வாயைத் திறக்காதே என்று அம்மா எனக்கு உத்தரவு. குறவையும் ருசியான மீன்தான். அதை இப்போது யாரிடம் சொல்வது?

மே 17, ஞாயிறு

விடிந்ததும் நைனா ஏரியில் வலை போடுகிறவர்களிடம் இரண்டு மீன் வாங்கி வந்தார். நேராக என்னிடம் நீட்டினார். செதில், தலை பார்த்து விரால்தான் என்றேன். அதன் பிறகுதான் அம்மா அரிவாள்மனையை எடுத்தாள். உள்ளுக்குள் ஒரே கர்வம்.

சாப்பாட்டில் சம்பந்தி கிணற்று விரால் பிரமாதம் என்றார். நைனா தலையாட்டினால் போதும். நான் ரசச் சொம்போடு நின்றேன்.

"கிணத்துல இருக்கிறது குறவை, சம்பந்தி. இது ஏரி விராலு. நான் மூணு வருசம் ஏமாந்தேன், எம் பொண்ணு ஒரே பார்வையில சொல்லிட்டா."

ஒரே பார்வை இல்லை. மூன்று நாள். இருக்கட்டும்.

கை கழுவியதும் சம்பந்தியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வலையை என் கையில் கொடுத்தார்.

"கவி, நீயே காட்டும்மா."