டப்பாவில் போட்ட சீட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இப்போதுதான் என் முகம் தெளிவாகத் தெரிகிறதாம், பழையதே தேவலை என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, காரணத்தை உன்னிடம் மட்டும் எழுதுகிறேன்.

சபையில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடந்தது, ஐந்து நாள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்துத் தங்கினோம். மஞ்சள் குழுவின் பதினோரு சிறுமிகளுக்கு நான் பொறுப்பு. பிள்ளைகள் ஜெபக் குறிப்பு எழுதிப் போட ஒரு பிஸ்கட் டப்பா வைத்தோம், மூடியில் கத்தியால் துளை போட்டது நான், இது ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும்தான், கடைசி நாள் கிழித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்ததும் நான். எங்கள் குழுவில் பஸ் டிரைவரின் மகள் ஒருத்தி, ஒன்பது வயது, சாயங்காலம் ஆனால் தண்ணீரையே தொடமாட்டாள். அவள் சீட்டில், நான் தூக்கத்தில் படுக்கையை நனைக்கக் கூடாது, யாருக்கும் தெரியவும் கூடாது என்று எழுதியிருந்தாள்.

நான்காம் நாள் காலை போதகர் திடீரென்று, நீங்க படிச்சவங்க, இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணுங்கம்மா என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று பேர்தான், நாலு பேர் முன்னால் நின்றால் என் பேரே எனக்கு மறந்துவிடும். எண்பது பிள்ளைகள் கண்ணை மூடி நிற்கிறார்கள், என் வாயில் ஒரு வார்த்தை இல்லை, மனதில் இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான், அதுவே வந்துவிட்டது. படுக்கையை நனைக்கிற எங்க மஞ்சள் குழுக் குட்டிக்கு உதவி செய்யும் ஆண்டவரே என்று உருகிச் சொல்கிறேன். யாரோ களுக்கென்று சிரித்த சத்தத்தில் கண்ணைத் திறந்தால், அத்தனை பேருக்கு நடுவில் அவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலத்தில் தண்ணீர் தொடாதவள் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா, மதியச் சாப்பாட்டு வரிசையில் பையன்கள் அவளுக்குக் குழாய் என்று பட்டப்பேர் வைத்தாகிவிட்டது. போதகர் என்னிடம், ரொம்ப உருக்கமான ஜெபம்மா என்றார். சமையல்கார அக்காதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏம்மா, கடவுளுக்குக் காது கேக்காதா, மைக்குல சொன்னாத்தான் கேக்குமா என்று கேட்டாள். அந்தச் சிறுமியின் அப்பா சீருடையோடு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு மகளைக் கூட்டிப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அறைக் கதவைத் திறக்கவே இல்லை. வெளியே நின்று, நான் செஞ்சது தப்பும்மா என்றேன். உள்ளேயிருந்து, அந்தச் சீட்டைக் குடுங்க என்றாள். கதவுக்கு அடியில் தள்ளினேன். வேற யாராச்சும் படிச்சாங்களா என்றாள், இல்லை என்றேன். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது, ரொம்பச் சின்னத் துண்டுகளாகக் கிழித்தாள், அவ்வளவு நேரம் கேட்டது. சத்தம் நின்றதும் நான் வந்துவிட்டேன்.

வரும் வழியில் உன்னை நினைத்தேன். நீ இரண்டாம் வருஷம் பரீட்சையில் தவறியதைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அழுதுகொண்டே சொன்னேனே, ஜெபம்னு பேரு, நடக்குறது ஒலிபரப்பு என்று நீ கத்தினாய். எதிர்த்துப் பேசுகிறாய் என்று இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. நீயும் அன்றைக்கு ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருந்தாய், நான் தட்டக்கூட இல்லை. என்னை மன்னித்துவிடு.

வேலை பிடிக்கவில்லை, விட்டுவிடப் போகிறேன், அப்பாவிடம் நானே சொல்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். யோசித்துச் செய், எதுவானாலும் நம் வீடு இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நேற்று ஜெபக் கூட்டத்தில் மகளுக்கு ஏதாவது குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். என் முழங்கால் வலிக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை எப்போதும் நினைக்கும்,
அம்மா