முகவரியின் கடைசியில் 'யார்'

2009 பெப்ரவரி 3, கல்முனை

சுனாமிச் சேற்றில் பொறுக்கப்பட்டு, பள்ளிவாசல் அலுமாரியில் நாலு வருடமாகக் கிடந்த படங்களை இணையத்தளத்தில் ஏற்றி முடித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். பார்க்கிறவர்கள் இது யாரென்று எங்கே எழுதுவார்கள்? படத்தின் முகவரிக்குப் பின்னால் 'யார்' என்று சேர்த்தால் அந்தப் படத்துக்கான பதில் பக்கம் திறக்க வேண்டும். செய்துவிடலாம்.

பெப்ரவரி 5

திறக்கவில்லை. 'பக்கம் இல்லை' என்றே வருகிறது.

பெப்ரவரி 6

நாலே வரிக் கட்டளை. எல்லாம் சரி. பிறகு ஏன்? எங்கள் கடையின் முன்பக்கத்தில் போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டிருந்த என் கணவர் ஜவுபர் சோற்றுக் கோப்பையோடு வந்தார்.

"சோறு ஆறுது றபீக்கா. கொம்பியூட்டர் எங்கயும் ஓடாது."

எரிந்து விழுந்தேன். அவர் பக்கத்தில் இருந்து மீனில் முள் எடுத்துத் தந்தார்.

பெப்ரவரி 7

கண்டுபிடித்துவிட்டேன். முகவரிக்குப் புது வால் சேர்த்தால், அமைப்புப் பக்கத்தில் 'சேமி' பொத்தானை ஒருதரம் அழுத்த வேண்டும். அப்போதுதான் தளம் தன் முகவரிப் பட்டியலைப் புதிதாக எழுதும். ஒரு பொத்தானுக்கு மூன்று நாள்! ஜவுபர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 19

ஆறு வாரத்தில் ஒரே பதில். 'டெஸ்ட்' என்று. எழுதியவர் ஜவுபர்.

ஏப்ரல் 11

கனடாவிலிருந்து ஒருவர். 147ஆம் படம், இரட்டைப் பின்னல் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை. "இது என் தங்கச்சியின் மகள் துஷாந்தினி. கடல் கொண்டுபோனது. தங்கச்சி தங்கரத்தினம் பாண்டிருப்பில் இருக்கிறா. அவவிடம் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை."

யா அல்லாஹ்.

ஏப்ரல் 12

படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு நானும் ஜவுபரும் பாண்டிருப்புக்குப் போனோம். வழியில் காவலரணில் உறையைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரன், படத்தைப் பார்த்துவிட்டுத் தானே மூடித் தந்தான்.

தங்கரத்தினம் அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டார். விரலால் பிள்ளையின் வகிட்டைத் தடவினார்.

"வகிடு கோணல். படம் எடுத்த அண்டைக்கு அவசரத்தில நான்தான் இழுத்து விட்டன்."

பிறகு என்னைப் பார்த்தார். "சாப்பிட்டியா மகள்?"

நான்தான் அழுதேன். அவர் அழவில்லை.

மே 20

யுத்தம் முடிந்ததென்று நேற்று அறிவித்தார்கள். இன்றும் தெருவில் வெடி கொளுத்துகிறார்கள். இன்றைக்குத் தங்கரத்தினம் அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் படங்களில் இருப்பவர்களின் பெயர் சொல்லப் புதன்கிழமைதோறும் வருவது போலவே பஸ்ஸில் வந்து, என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். வெடிச்சத்தத்துக்கு ஜவுபர் கதவைச் சாத்தினார். நான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

"நில்லு. இது ஹமீட். எங்கட ஒழுங்கைக்கு மீன் கொண்டு வாறவர். அவரும் கடல் வந்த அண்டைக்குத்தான் போனவர். பொஞ்சாதி மருதமுனையில. எழுது."

எழுதினேன். அவர் சொல்லி எழுதிய பதினோராவது பெயர்.

நாளை ஹமீடின் படத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஓட்டோ பிடித்து மருதமுனைக்குப் போகிறோம்.