ஓரத்தில் ஒரு கத்தரிக்காய்

என் தங்க அம்மாவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா இன்றைக்கு முதல் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டுத் தூக்கை அவரே கையில் எடுத்துக்கொண்டு, கம்பெனி பஸ் ஏறினார். இந்த ஒரு வரியை எழுத நான் பட்ட பாடு உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கத்தரிச் செடிகள் இன்னும் காய்க்கின்றன. அக்னி நட்சத்திர வெயில் கொளுத்துகிற கொளுத்தலில் நம் குடியிருப்பு பிளாக்கில் எல்லார் தோட்டமும் சருகாகிவிட்டது. நீ கட்டிய கோணிப் பந்தலை நான் அவிழ்க்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை அந்தி சாய்ந்த பிறகுதான் ஊற்றுகிறேன். மின்நிலையத்துச் சாம்பல் இலையில் படிந்தால் ஈரத்துணியால் துடைக்கிறேன். "செடிக்கெல்லாம் மூஞ்சி துடைக்கிறா பாரு" என்று உன்னை எத்தனை கேலி செய்திருப்பேன்! இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நீ தினமும் செய்த இன்னொரு வேலை மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பின்சுவரோரம் செங்கல் அடுப்பு, அதை ஒட்டி வடக்குத்து கிராமத்துக் கரிக்காரி அஞ்சலையிடம் வாங்கிப் போட்ட நிலக்கரிக் குவியல். செடிக்கு ஊற்றிய கையோடு அந்தக் குவியலுக்கும் ஒரு வாளி தெளிப்பாயே, அது எதற்கு என்று நான் கேட்டதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை. தை மாதம் நீ கண்ணை மூடியதிலிருந்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமலே கிடந்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள். அப்பாவுக்கு வார லீவு. அவர் முன்னறையில் படுத்திருந்தார், நான் தைத்துக்கொண்டிருந்தேன். ஷிப்டு மாறுகிற இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஊதி ஓயும்போது கொல்லையிலிருந்து வாசனை வந்தது. கத்தரிக்காய்த் தோல் கருகும் வாசனை.

ஓடிப் போய்ப் பார்த்தால், குவியல் உள்ளுக்குள் சிவந்து கிடக்கிறது. அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கிறது. மேலே உன் கம்பி வலை. வலையின் நடுவில் இரண்டு கத்தரிக்காய். ஓரத்தில் தனியாக ஒன்று.

ஓரத்தில் ஒன்று யாருக்கு என்று நம் வீட்டில் கேட்கவே வேண்டாம். ஷிப்டுக்குப் போய் வீட்டில் இல்லாதவருக்கு, சூடு ஆறாமல் இருக்க நீ தள்ளி வைக்கிற காய் அது. அப்பா வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். "நல்லா வச்சிருக்கம்மா, உங்கம்மா மாதிரியே" என்றார் அப்பா. நான் வைக்கவில்லை என்று சொன்னேன். அவரும் வைக்கவில்லையாம். நடுவில் இருந்த இரண்டையும் உப்பும் பச்சை மிளகாயும் வைத்துப் பிசைந்து சாப்பிட்டோம். ஓரத்துக் காயை அப்பா தொடவிடவில்லை.

மறுநாள் அஞ்சலை வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி தெளிக்காம போட்டுவச்சா இந்த வெயிலுக்குத் தன்னால பத்திக்கினு எரியும்மா. சாம்பலுக்குள்ள அப்டியே கனிஞ்சிகினு கெடக்கும். காத்து பட்டா மறுக்கா எரியும். ஐயாவுக்குத் தெரியாததா?"

தெரியாததா? நம் அப்பாவின் வேலையே அதுதானே அம்மா! சுரங்கத்திலிருந்து வந்து மலையாகக் குவியும் கரி தானாகப் பற்றிக்கொள்ளாமல், நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிற மனுஷன். அவர் வீட்டுக் கொல்லையில் கரி பற்றி எரிகிறது, அவர் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாளியை நான் தூக்கினேன். பிடுங்கிக் கீழே வைத்தார்.

"அப்பா, இது தானா பத்திக்கிட்டது. உங்களுக்குத் தெரியாதா?"

"கரி தானா பத்தும். காய் தானா வந்து வலைமேல ஏறுமா?"

வாளியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

அப்புறம் அது தினப்படி ஆகிவிட்டது. காலையில் சாம்பல் மூடிக் கிடக்கும். சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாகக் காற்று கிளம்பும், கரி கண் திறக்கும். அப்பா கயிற்றுக் கட்டிலைக் குவியலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஷிப்டுக்குப் போவது நின்றது. உன்னோடு பேசுவார். நீ சொன்னதற்குச் சிரிப்பது போலச் சிரிப்பார். நீ பதில் சொன்னாயா அம்மா? என் காதில் மட்டும் ஏன் எதுவும் விழவில்லை?

போன வெள்ளிக்கிழமை டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்தேன். கொல்லை முழுக்கப் புகை. கட்டில் கயிறு ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. அப்பா அதன்மேல் நினைவில்லாமல் கிடந்தார். முகம் மட்டும் சந்தோஷமாக இருந்தது. அவர் அக்குளில் கை கொடுத்து வாசல் வரை இழுத்து வந்தேன். கண் விழித்ததும், "எதுக்குடி எழுப்புன, சாப்பிட உட்காரச் சொன்னாளே" என்றார்.

அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நேராகவே கேட்கிறேன். நீ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாயா, கூட்டிக்கொண்டு போகக் கூப்பிட்டாயா?

அழுதுகொண்டே குவியலின்மேல் வாளி வாளியாக ஊற்றினேன். ஆவி என் தலைக்கு மேலே எழுந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். "எனக்கும் அம்மா இல்லப்பா. நீங்களும் போயிட்டா நான் யாருக்கு சமைப்பேன்?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் விசும்பவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கினார். மிச்சக் கரிக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றினார். வேலையில் ஊற்றுவது போலவே, சுற்றி வந்து, ஒரு மூலை விடாமல்.

இன்று காலையும் தெளித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார். இப்போது நான் அடுப்பில் வேறு கரி அடுக்கி வைத்திருக்கிறேன். பக்கத்தில் தீப்பெட்டி இருக்கிறது. செடியிலிருந்து மூன்று காய் பறித்தாகிவிட்டது.

சங்கு ஊதுகிறது அம்மா. குவியல் ஈரமாக, கறுப்பாக இருக்கிறது. ஆனாலும் காற்று கிளம்பிவிட்டது. கோணிப் பந்தல் அசைகிறது. கொடியில் துணி ஒன்றும் அசையவில்லை.

வந்திருக்கிறாய் என்றால் கேட்டுக்கொள். உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். செடிகளை வாடவிட மாட்டேன். கரிக்குத் தண்ணீர் காட்ட மறக்க மாட்டேன். இனிமேல் இந்த வீட்டில் அடுப்பை நான்தான் பற்ற வைப்பேன், நீ வைக்காதே. ஓரத்தில் ஒரு காய் தினமும் உனக்கு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போ. அப்பாவை எனக்கு விட்டுவிடு.

ஷிப்டு முடிந்து வருகிறவருக்காகக் காத்திருக்கும்
உன் மகள்,
செல்வி