பவுடர் கழுவிய மோத்தி

செகந்திராபாத்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பத்மப்ரியா,

'சரியாகிவிடும்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் இன்று குதிரைக்காரர் யூசுப் பாயிடம் நான் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காத்து நின்றது அந்த ஒன்றுக்காக.

நீ நலம்தானே? உன் அம்மாவைக் குஷாய்குடாவில் பார்த்தேன். முழங்கால் வலி பரவாயில்லை என்றார். போனில் நீ குளிரைப் பற்றி மட்டுமே பேசுகிறாயாம்.

நீ அனுப்பிய இதயத்துடிப்புக் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரைகளை, நாச்சாரத்தில் ஒரு ஃபங்ஷன் ஹாலுக்குப் பின்னால் இருக்கும் லாயத்தில் சோதித்துவருகிறேன். இடது முன்னங்காலுக்குப் பின்னால் ரோமத்தை நனைத்துத் தகட்டை அழுத்திப் பிடித்தால், கைபேசித் திரையில் துடிப்பு கோடாக ஓடுகிறது. குதிரைகள் முரண்டு பிடிப்பதில்லை. ஒன்று மட்டும் என் துப்பட்டாவைக் கொஞ்சம் தின்றது.

அதுதான் மோத்தி. யூசுப் பாயின் ஒரே குதிரை. மாப்பிள்ளை ஏறும் குதிரை பால்வெள்ளையாக இருக்க வேண்டும் என்பார்கள். மோத்தியோ சாம்பல் நிறம். அதனால் ஊர்வலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்குப் பவுடர் பூசிவிடுவார். போன வாரம் கோடு தாறுமாறாக வந்தபோது, தகடு தோலில் சரியாகப் படாமல் பவுடர் தடுக்கிறது என்று நினைத்தேன். கழுவிக் கூட்டிவரச் சொன்னேன். கோட்டைக் கெடுப்பது பவுடர் என்றால், பவுடரை விட்டுவிட்டால் குதிரையே தேறிவிடும் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

அன்றிலிருந்து பவுடரே இல்லை. ஒரு பெண் வீட்டார் அவளைப் பார்த்துவிட்டு, "கழுதையா கொண்டுவந்தே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்று அவளைப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தி, "பாருங்க டாக்டரம்மா, பவுடர் நக்கோ, வேணாம்னுட்டேன். என் பொண்ணோட ஷாம்பூ போட்டேன்" என்றார்.

கோடு மாறவில்லை. சில குதிரைகளுக்கு ஓய்வில் ஒரு துடிப்பு விட்டுப்போகும், ஓடவிட்டால் சரியாகும். உனக்குத் தெரியாததல்ல. ஓடவிட்டுப் பார்த்தேன். துடிப்புகள் தம் இஷ்டத்துக்கே வந்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், "ஹைதராபாத் குதிரைம்மா, நடுவுல சாய் குடிக்க நிக்கும்" என்றார். லாயத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சொன்னேன். காரணம் பவுடர் இல்லை. இதயத்தின் மேல் அறைகள் துடிக்காமல் நடுங்குகின்றன. வால்வும் கசிகிறது, ஸ்டெதாஸ்கோப்பில் அந்தச் சத்தம் கேட்கிறது. கேட்டுப் பார்த்த இடங்களில் மருந்து இல்லை. உன் ஊரில் செய்வதை இங்கே என்னால் செய்ய முடியாது. இனி யாரும் ஏறக்கூடாது, பட்டாசு, பேண்டு பக்கம் போகவே கூடாது.

"ஹவ்" என்று தலையாட்டினார். வெகுநேரம் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க மெஷின் வர்ற வரைக்கும் நல்லாதானே இருந்தா? கைக்கு, ஏன் இப்படி சும்மா நிக்கிறீங்க, ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் படித்த நாவல்களில் இந்த இடத்தில் வைத்தியர்கள் ஏதோ சொல்லிவிடுகிறார்கள். நான் தகட்டைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

போன வாரம் நான் அனுப்பிய மோத்தியின் முதல் கோட்டைப் பார்த்து, மிக அழகான பதிவு என்று எழுதியிருந்தாய். உன்மேல் கோபமில்லை, அது அழகாகத்தான் இருக்கிறது. இன்று பவுடர் இல்லாமல் எடுத்தது இன்னும் தெளிவு, இத்துடன் அனுப்புகிறேன். கருத்தரங்கில் காட்டும்போது கீழே எண் போடாதே. மோத்தி என்று போடு. சாம்பல் நிறம் என்றும் எழுது.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். அம்மாவிடம் கொஞ்சம் அதிகம் பேசு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
சுப்ரியா

ஞாயிறு: இதை இன்னும் அனுப்பவில்லை. நேற்று யூசுப் பாய் மோத்திக்குப் பவுடர் பூசி ஒரு ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனார். ஹால் வாசலில், மாப்பிள்ளை இறங்கிய பிறகு, அவள் விழுந்தாள். எழவில்லை.